நான் ஜெயித்த பட்டிமன்றம்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் மாட்டுப் பொங்கல் அன்று மத்தியானம் பட்டிமன்றம் உண்டு. கோலப்போட்டியும் உறியடியும் முடிந்து, எல்லோரும் வாழையிலையில் சாப்பிட்டுவிட்டுக் கண் சொருகும் நேரத்தில் அதை வைப்பார்கள். வெள்ளானூர்ப் பக்கம் நாங்கள் வீடு வாங்கி வந்ததிலிருந்து ஒரு வருடம்கூட அது தவறியதில்லை. மாமியாரா மருமகளா, அந்தக் கால வாழ்க்கையா இந்தக் கால வாழ்க்கையா என்று அரைத்த மாவையே அரைத்துக்கொண்டிருந்தோம்.

அந்த வருடம் தலைப்பு கொஞ்சம் பெரிதாக இருந்தது. பல நாட்டு வீரர்கள் வந்து ஆடும் உலக விளையாட்டுப் போட்டி ஒன்றை நம் நகரத்தில் நடத்தக் கேட்கப் போகிறார்கள் என்று செய்தித்தாளில் அடிபட்டுக்கொண்டிருந்தது. மைதானம் மேற்குப் பக்கம்தான், ஆவடியைத் தாண்டி எங்கள் பக்கம்தான் என்று ஒரு பேச்சு. பேச்சு கிளம்பிய மறுநாளே எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்கு வீட்டின் விலையை ஏற்றிவிட்டார்கள். வீட்டுக்கு வீடு வாதம் நடந்தது. அதனால், "சென்னையில் உலகப் போட்டி: நமக்கு வரமா, பாரமா?" என்று எங்கள் குடியிருப்போர் சங்கத்தார் தலைப்பு வைத்தார்கள்.

யார் எந்த அணி என்பதை நாங்கள் சீட்டுக் குலுக்கித்தான் எடுப்போம். முன்பு ஒரு வருடம் அவரவர் விருப்பப்படி பேசவிட்டதில் இரண்டு குடும்பங்களுக்குப் பேச்சுவார்த்தையே நின்றுபோனது. அதற்குப் பிறகு செய்த ஏற்பாடு இது. சீட்டில் வந்ததைப் பேசினால் யாருக்கும் யார்மீதும் கோபம் வராது. எனக்கு வந்த சீட்டில் 'வரம்' என்று இருந்தது.

உள்ளதைச் சொன்னால், எனக்கு அந்தப் போட்டி வேண்டவே வேண்டாம். நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். காலையில் ரயிலில் நின்றுகொண்டு போகிறேன், சாயங்காலம் நின்றுகொண்டு வருகிறேன். அண்ணனூர் பணிமனைக்கு முன்னால் வண்டி காரணமில்லாமல் நிற்கும்போது கால் மாற்றி நிற்கிறேன். ஆவடியில் இறங்கி ஷேர் ஆட்டோவில் மடங்கி உட்கார்ந்து எங்கள் தெருமுனைக்கு வந்தால், மழைநீர் வடிகாலுக்கென்று தோண்டிப் போட்ட பள்ளம் வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். ஒரு பள்ளத்தை மூட வக்கில்லாத ஊருக்கு உலகப் போட்டி ஒரு கேடா என்பதுதான் என் கட்சி.

சீட்டை மாற்றிக்கொள்ளலாமா என்று நடுவரிடம் கேட்டுப் பார்த்தேன். நடுவர் எங்கள் குடியிருப்பிலேயே இருக்கும் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். "மனசுல இருக்கறத யார் வேணா பேசிடலாம்மா. இல்லாததப் பேசறதுதான் திறமை" என்றார். எனக்கும் உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டிக்குப் பரிசு வாங்கியவள் நான். இத்தனை வருட வேலையில் யாரும் என்னை வாய் திறந்து பேசச் சொல்லிக் கேட்டதில்லை, மென்பொருளில் தவறுகளைக் கண்டுபிடித்துப் பட்டியல் போடத்தான் சொல்வார்கள்.

பேசினேன். நன்றாகவே பேசினேன். "விருந்தாளி வருகிறார் என்று தெரிந்தால்தானே நாம் கூடத்தைப் பெருக்குகிறோம்? சோபாவில் கிடக்கிற துணியை அள்ளி உள்ளறையில் போடுகிறோம்? நமக்காகச் செய்யாதவர்கள் விருந்தாளிக்காகவாவது செய்யட்டும். உலகம் வரட்டும், நம் தெருப் பள்ளம் மூடட்டும்!" என்றேன். கைதட்டல் நிற்கவில்லை. அந்த வேகத்தில், "ஏரிக்கரையில் சும்மா கிடக்கிறதே ஒரு காலி இடம், நாளைக்கு அங்கே உலகமே வந்து உட்கார்ந்து கைதட்டும்!" என்றும் சேர்த்தேன். அது நான் எழுதி வைத்துக்கொண்ட வரியில்லை, வாயில் வந்தது.

வழக்கமாக எங்கள் நடுவர் இருபக்கமும் வலிக்காமல் ஒரு தீர்ப்பு சொல்லி முடிப்பார். அன்றைக்கு என் பேச்சையே திருப்பிச் சொல்லி, வரமே என்று அடித்துச் சொல்லிவிட்டார். சிறப்பு விருந்தினராக வந்திருந்த உள்ளூர்க் கட்சிப் பிரமுகர் மைக்கை வாங்கி, "இந்த ஏரியா மக்கள் விருப்பம் என்னன்னு இன்னைக்குத் தெரிஞ்சிடுச்சு. நான் மேலிடத்துல சொல்றேன்" என்றார். அதற்கும் தட்டினோம். எனக்கு ஒரு ஹாட்பாக்ஸ் கொடுத்தார்கள்.

இதையெல்லாம் பால்காரம்மா பார்த்துக்கொண்டிருந்தார். மாட்டுப் பொங்கலுக்கு எங்களுக்கு ஒரு மாடு வேண்டுமே, வருடா வருடம் அவர்தான் தன்னுடைய ஒரு பசுவைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு வர்ணம் பூசி ஓட்டி வருவார். கார் நிறுத்தும் இடத்தில் அதைக் கட்டிவைத்து நாங்கள் மாலை போட்டுப் பொங்கல் ஊட்டிப் படம் எடுத்துக்கொள்வோம். அவர் குடும்பம் இந்த ஊரில் பரம்பரையாக விவசாயம் செய்தது. எங்கள் குடியிருப்பு நிற்பதே அவர்கள் பயிர் வைத்த நிலத்தில்தான். பங்காளிகள் பிரித்து விற்றதில் அவர்களுக்கு மிஞ்சியது, ஏரிக்கரை மேய்க்கால் நிலத்தில் எப்போதோ கட்டிக்கொண்ட வீடும் ஒரு மாட்டுக்கொட்டகையும். ஊர் மாடு மேய அரசு விட்டிருந்த, பட்டா இல்லாத இடம் அது. வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்ட, இவர் நாலு மாட்டை வைத்துக்கொண்டு எங்கள் குடியிருப்புக்குப் பால் ஊற்றினார்.

மறுநாள் காலை பால் கொண்டுவந்தபோது அளவுக் குவளையைக் கையில் எடுத்தவர் ஊற்றவில்லை.

"இன்னாமா, இப்டி பேசிட்ட?"

"எதைச் சொல்றீங்க?"

"மைதானம் வர்ணும்னியே. காலி எடம்னியே. நாங்க அங்கதானமா கீறோம்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இப்போது நினைத்தால் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது. சீட்டுக் குலுக்கிய கதையைச் சொன்னேன். டிவியில் பொங்கலுக்குப் போடுகிறார்களே, அதைப் போலத்தான், சும்மா பேச்சு என்றேன்.

"டிவில மாமியா மருமவ சண்டைமா. அத்தக் கேட்டுட்டு எவனும் யார் ஊட்டையும் இடிக்க வரமாட்டான். நீங்க இங்க கூட்டம் போட்டா நடக்குதே?"

"எங்கம்மா நடக்குது?"

"ஒயின்சாப்பு போய்ட்ச்சே. நாங்க எம்மாம் வர்சமா கத்திகினு கெடந்தோம். நீங்க ஒரு நாள் சேர் போட்டு குந்திகினு மைக்குல பேசுனீங்க, கையெழ்த்து போட்டீங்க. அட்த்த மாசம் கடைய காணோம்."

அது வாஸ்தவம்தான். மதுக்கடை, தெருவிளக்கு, குப்பை வண்டி என்று எங்கள் சங்கம் கூடிப் பேசிய சில காரியங்கள் நடந்துதான் இருக்கின்றன. அதே பிளாஸ்டிக் நாற்காலிகள், அதே மைக், அதே கட்சிப் பிரமுகர், கடைசியில் ஒரு தீர்ப்பு. பால்காரம்மா நின்ற இடத்திலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் என்ன வித்தியாசம் தெரியும்? அது சும்மா பேச்சு என்று நினைத்துக்கொண்டிருந்தது எங்களுக்கு மட்டும் கிடைத்த வசதி.

என்னைப் பார்த்து அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். பாலை ஊற்றினார். பிறகு, "மன்சுல இல்லாம பேசுனதுக்கே அத்தினி பேர் கைதட்டுனாங்கோ. மன்சோட பேசுனா எப்டி இருக்கும்! எங்களுக்காவ ஒரு வாட்டி பேசுவியாமா?" என்றார்.

"கண்டிப்பா பேசறேம்மா" என்றேன். வெட்கத்தில் சொன்ன வார்த்தைதான், ஆனால் பொய்யாகச் சொல்லவில்லை.

பேசும் சந்தர்ப்பம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மாசி மாதம் வந்தது. ரேஷன் கடைச் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். பால்காரம்மா அதை வீட்டுக்காரர் போனில் படம் எடுத்து வந்து காட்டினார். போட்டி நமக்கு என்று முடிவாகவில்லை. நடத்தக் கேட்பதற்கே இன்னின்ன இடம் தயார் என்று காட்ட வேண்டுமாம். அதற்காக ஏரிக்கரை நிலத்தைப் பற்றிப் பொதுமக்கள் கருத்தைக் கேட்கிறார்கள். ஆவடியில் ஒரு கல்யாண மண்டபம், வேலை நாள், காலை பதினொரு மணி. பதினொரு மணிக்கு எந்தப் பொதுமக்கள் சும்மா இருப்பார்கள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

"வர்றல்ல?" என்றார் பால்காரம்மா.

"வர்றேன். உங்க பேர்ல ஒரு மனுவும் எழுதிக் கொண்டுவர்றேன்."

மனுவை ரயிலில் நின்றுகொண்டே போனில் தட்டச்சு செய்தேன். ஐயா, வணக்கம் என்று தொடங்கி நாலு வரி ஓடியது. அண்ணனூரில் வண்டி நின்றபோது இன்னும் இரண்டு வரி. ஒவ்வொரு நாளும் நாளை முடித்துவிடலாம் என்று தோன்றியது. வீட்டுக்கு வந்தால் சமையல், பாத்திரம், மறுநாளைக்கு உடுத்தத் துணி. மனு அந்த ஆறு வரியிலேயே நின்றது.

கூட்டத்துக்கு முந்திய நாள் சாயங்காலம் வெளிநாட்டு வாடிக்கையாளருக்குக் காட்ட வேண்டிய வேலையை மறுநாள் காலைக்கு மாற்றினார்கள். என் மேலாளர் என்னைவிடப் பத்து வயது சின்னவர், நல்ல மாதிரி. இரண்டு மணி நேரம் வெளியே போய் வருகிறேன் என்று கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். இதை நான் எத்தனையோ முறை எனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன். கொடுத்திருப்பார். நான் கேட்கவில்லை.

அலுப்புக்கும் நன்றாக வாதாடத் தெரியும். எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டுத்தான் கூட்டம் போடுகிறார்கள், நீ போய் என்ன கிழிக்கப் போகிறாய் என்றது. ஆவடி மண்டபத்துக்குப் போய், பேசி, திரும்ப அம்பத்தூருக்கு வந்து, விட்டுப்போனதைச் செய்து முடிக்க எத்தனை மணி ஆகும் என்றது. பால்காரம்மாவின் வீட்டுக்காரர் ஆட்டோ ஸ்டாண்டில் நின்று வாய் கிழியப் பேசுகிறவர்தானே, அவர் பேசிக்கொள்ளட்டும் என்றது. இப்படி எனக்குள்ளேயே ஒரு பட்டிமன்றம் வைத்து, நானே நடுவராக இருந்து, போக வேண்டாம் என்று தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன். வரவில்லை என்று ஒரு வார்த்தை போன் செய்து சொல்லத் துணிவு வரவில்லை. போனைச் சத்தமில்லாமல் பைக்குள் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தேன்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது எடுத்துப் பார்த்தேன். பால்காரம்மா ஆறு தடவை கூப்பிட்டிருந்தார். திரும்பக் கூப்பிட்டு என்ன சொல்வது? காலையில் நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று சோற்றைப் பிசைந்தேன்.

மறுநாள் காலை அவர் வழக்கமான நேரத்துக்கு வந்தார். திட்டுவார் என்று கதவைத் திறக்கும்போதே தயாராக இருந்தேன். திட்டினால் நன்றாயிருக்கும் என்றுகூட இருந்தது. அவர் அளவை எடுத்துப் பாலை ஊற்ற ஆரம்பித்தார்.

நான்தான் கேட்டேன். "கூட்டம் என்னம்மா ஆச்சு?"

"நட்ந்துச்சுமா. டீ பிஸ்கோத்து எல்லாம் குட்த்தாங்கோ."

"நீங்க பேசினீங்களா?"

"நான் எங்க பேசறது? ஊட்டுக்கு ஒர்த்தர்தான் பேசணும்னு வாசல்ல பேர் எழ்திகினாங்கோ. எங்க ஊட்டுக்கு உன்னியத்தான் எழ்த சொன்னேன். உன் பேர் எனக்குத் தெர்ல. மூணாவது மாடி மேடம்னு எழ்திகினாங்கோ."

நான் பால் பாத்திரத்தைக் கீழே வைத்தேன்.

"மூணு வாட்டி மைக்குல கூப்ட்டாங்கோ, மூணாவது மாடி மேடம், மூணாவது மாடி மேடம்னு. எல்லாம் சிரிச்சிட்டாங்கோ. நான்தான் எய்ந்து, வந்துகினே கீறாங்க சார், ரயிலு லேட்டுன்னு சொன்னேன்."

"உங்க வீட்டுக்காரரைப் பேசச் சொல்லியிருக்கலாமேம்மா?"

"கேட்டேன்மா. எழ்துன பேர மாத்த முடியாதுன்ட்டாங்கோ. அப்பால, பேச ஆள் வர்லன்னு நோட்டுல எங்க ஊட்டுக்கு நேரா ஆட்சேபம் இல்லன்னு எழ்திகினாங்கோ. அவரு படிச்சி சொன்னாரு."

"என்னை மன்னிச்சிடுங்கம்மா" என்றேன்.

அவர் கேனை மூடிக் கையில் எடுத்துக்கொண்டார். "வேலையா இருந்திருப்ப. பரவால்ல வுடு" என்று சொல்லிவிட்டு நாலாவது மாடிக்குப் படியேறினார்.