ஃபெபா போட மறுத்த கையெழுத்து

ஓசூரில் பல் கட்டித் தரும் ஒரு லேப்பில் ஃபெபா பதினொரு வருடமாக வேலை பார்க்கிறாள். ஜிர்கோனியா என்ற கெட்டியான பொருளில் கடைந்த வெள்ளைக் கூட்டின்மேல் பீங்கான் மாவைக் குழைத்துத் தூரிகையால் ஏற்றி, உலையில் சுட்டு, அசல் பல்போல ஆக்குவது அவள் வேலை.

போன ஆடியில் ஒரே வாரத்தில், பல்லின்மேல் மாட்டும் ஐந்து கேப்கள் திரும்பி வந்தன. ஐந்தும் கிருஷ்ணகிரி பல் டாக்டர் சுகுணா அனுப்பியவை. உள்கூடு அப்படியே இருக்க, மேல் பீங்கான் மட்டும் சில்லுச் சில்லாகப் பெயர்ந்திருந்தது.

முதலாளி நாராயணப்பன் ஒரு தாளை நீட்டினார். "உன் கைத்தப்புன்னு எழுதிக் கையெழுத்து போடும்மா. டாக்டர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

"என் கை தப்பு பண்ணல சார். போட மாட்டேன்."

"அப்ப பீங்கானா தப்பு பண்ணுச்சு?"

ஃபெபா அதற்கு முந்தின மாதம் வந்த மாவு டப்பாவை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "இது உலோகக் கூட்டுக்கான மாவு. ஆறும்போது ஜிர்கோனியா கொஞ்சமாத்தான் சுருங்கும், இது நிறைய சுருங்கும். உள்ள இருக்கிறது விட்டுக் குடுக்காது. மேல இருக்கிறது வெடிக்காம என்னா பண்ணும்? அன்னைக்கே சொன்னேன். எல்லாம் ஒரே வெள்ளை மாவுதானேன்னு சொன்னீங்க."

"கையெழுத்து போடலைன்னா திங்கக்கிழமையிலிருந்து வராத."

ஃபெபா பேனாவைத் தொடவில்லை. நேரே மேசைக்குப் போனாள். ஒரே மாதிரி இரண்டு கூடுகள் எடுத்து, ஒன்றில் மிச்சமிருந்த பழைய ஜிர்கோனியா மாவையும் மற்றதில் புது மாவையும் ஏற்றி, அதனதன் டப்பாவில் போட்டிருந்த சூட்டில் சுட்டாள். ஆறியதும் இரண்டிலும் மை தடவித் துடைத்தாள். பழையது பளிச்சென்று இருந்தது. புதியதில் மயிரிழைபோல் மூன்று விரிசல்கள் நீலமாகத் தெரிந்தன.

மறுநாள் இரண்டையும் பஞ்சில் பொதிந்துகொண்டு கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏறினாள்.

"லேப்ல அனுப்புனாங்களா?" டாக்டர் விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இல்ல மேடம், நானேதான் வந்தேன். பழிய என் பேர்ல எழுதச் சொல்றாங்க. நான் எழுதல."

டாக்டர் அங்கேயே நாராயணப்பனை போனில் பிடித்தார். "ஜிர்கோனியாவுக்கான மாவு வர்ற வரைக்கும் எனக்கு ஒரு பல்லும் வேணாம்."

திங்கட்கிழமை வழக்கமான நேரத்துக்கு வந்து ஃபெபா தன் இடத்தில் உட்கார்ந்தாள். போகச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. நாராயணப்பன் மன்னிப்பும் கேட்கவில்லை. புதன்கிழமை சரியான மாவு வந்தது. அந்த ஐந்தையும் அவளே மறுபடி செய்து அனுப்பினாள். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

இப்போது அவள் மேலே எழுதியிருப்பதை ஒரு வரி விடாமல் படித்துப் பார்க்காமல் அங்கே எந்த டப்பாவும் திறக்கப்படுவதில்லை. வேறு யாரும் போட்ட விதியல்ல, அவளாகப் போட்டது.