ஊசியோடு படுத்திருப்பவரிடம் கேட்கக்கூடாதது

ஓக்லாந்து சைனாடவுனில் சேட்டோ விங்-கீயிடம் அக்குபங்சர் வைத்தியம் பார்த்துக்கொண்டவர்கள், ஊசி குத்தியதே தெரியவில்லை என்பார்கள். அவ்வளவு பூப்போன்ற கை. முன்மேசையில் மூலிகைப் பொட்டலம் கட்டித் தரும் எனக்கு அவரிடம் ஒன்றுதான் பிடிக்காது. உடம்பெல்லாம் ஊசியோடு ஆள் அசையாமல் படுத்திருக்கும்போது, "கூடவே கஷாயமும் குடிச்சா நல்லது, கட்டச் சொல்லட்டுமா?" என்பார். கெட்ட எண்ணம் கிடையாது. கஷாயத்தை மனதார நம்பினார். ஆனால் அது அவருடைய அலமாரிச் சரக்கு. அந்த நிலையில் யார் வேண்டாம் என்பார்கள்? நான் முணுமுணுத்தால், "வியாபாரத்தக் கெடுக்கவே வந்திருக்கியா யூட்-ஹோ?" என்று சிரிப்பார்.

குவான் ஹொய்-சன் பேருந்துப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவி சூக்-யிங்கை இழந்தவர். முழங்கால் வலிக்காக வாராவாரம் வந்தார், வாராவாரம் பொட்டலமும் வாங்கினார். வலி குறையவில்லை. கஷாயம் போதவில்லை போலிருக்கிறது என்று சேட்டோ வீரியத்தைக் கூட்டிக்கொண்டே போனார்.

ஒருநாள் காலையில் குவான் போன் செய்தார். கஷாயம் குடித்ததிலிருந்து வாந்தியாம், தலைசுற்றலாம். பதறிப்போய் இருவரும் ஓடி, அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஆபத்தில்லை என்றதும் வீட்டில் கொண்டுவந்து விட்டோம். சமையலறையில் என் பொட்டலங்கள் கட்டியது கட்டியபடி அடுக்கியிருந்தன. பிரித்திருந்தது ஒன்றே ஒன்று. கடைசியாகக் கொடுத்தது, எல்லாவற்றிலும் வீரியமானது.

"குடிக்காமயா இத்தனை நாள் வாங்கினீங்க?" என்றார் சேட்டோ.

"காலெல்லாம் ஊசி. எழுந்து ஓடவா முடியும்?" என்று சிரிக்கப் பார்த்த குவான் தலையைக் குனிந்துகொண்டார். "வேணாம்னா உங்க முகம் வாடிடும் டாக்டர். அப்புறம் சூக்-யிங்கப் பத்திக் கேக்காம விட்டுட்டீங்கன்னா? அவ போனப்புறம் அவ பேரைச் சொல்றது நீங்க ஒருத்தர்தான். இவ்வளவு அக்கறையா குடுக்கிறீங்களே, ஏமாத்தறோமேன்னு நேத்து ராத்திரிதான் ஒண்ணக் காய்ச்சினேன்."

சேட்டோ அந்தப் பொட்டலங்களையெல்லாம் வாரித் தன் பையில் போட்டுக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த வாரம் அலமாரி காலி. மருந்து தேவைப்பட்டால், ஊசியெல்லாம் எடுத்த பிறகு தாளில் எழுதிக் கொடுத்து, பிடித்த கடையில் வாங்கிக்கொள்ளச் சொன்னார் சேட்டோ. குவானுக்கு மட்டும் பயம் விடவில்லை. ஊசியோடு படுத்துக்கொண்டு, "இன்னிக்கு எதக் கட்டணும் டாக்டர்?" என்று அவரே கேட்டார்.

"ஒண்ணும் வேணாம்." சேட்டோ நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். "சூக்-யிங்குக்குக் கோவம் வந்தா உங்கள என்ன சொல்லித் திட்டுவாங்க? அதச் சொல்லுங்க."

திரைக்குப் பின்னால் குவான் சிரித்த சிரிப்பில் கட்டிலே ஆடியது. ஊசியோடு அப்படி ஆடக்கூடாது என்று அதட்ட எழுந்த நான், அதட்டாமல் உட்கார்ந்துவிட்டேன்.