ஆன்டெனாவுக்கு மேலே ஒரு தகடு

போன வாரம் என் மகள் குளத்துக்குள் இருந்தாள். என் செல்போன் அப்படித்தான் சொன்னது.

வரிசையாகவே சொல்லிவிடுகிறேன்.

மகளுக்கு நிலம் அளக்கும் கம்பெனி ஒன்றில் வேலை. சாட்டிலைட் சிக்னலை வாங்கும் கருவியைக் கம்பில் மாட்டிக்கொண்டு, சங்கரன்கோவிலைச் சுற்றியுள்ள ஊர்களில் வயல் வயலாக நிற்பாள். போக வர ஸ்கூட்டர். எனக்கு நிம்மதி வேண்டுமே? அதில் ஜிபிஎஸ் ட்ராக்கர் ஒன்றைப் பொருத்தச் சொன்னேன். சிரித்துக்கொண்டே பொருத்தினாள். அவள் எங்கே போனாலும் என் போனில் ஒரு நீலப் புள்ளி நகரும்.

புதன்கிழமை சாயங்காலம் நல்ல மழை. அவள் போன் ஸ்விட்ச் ஆஃப். ட்ராக்கரைப் பார்த்தேன் — பனவடலிசத்திரம் பக்கம், ஒரு குளத்தின் நட்டநடுவில் புள்ளி. நகரவே இல்லை.

மழைக்கு எங்கேயாவது ஒதுங்கியிருப்பாள் என்றார் என் வீட்டுக்காரர். சொல்லிக்கொண்டேதான் பைக் சாவியைத் தேடினார். அந்த மழையிலேயே கிளம்பினோம்.

குளக்கரையில் இறங்கியபோது மழை விட்டிருந்தது. தண்ணீர் தளும்பிக் கிடந்தது. அதைப் பார்த்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். தண்ணீரைப் பார்த்துப் பிள்ளையைக் கூப்பிடுவது... வேண்டாம், யாருக்கும் வேண்டாம்.

பின்னால் ஹாரன் சத்தம். மகள்தான்.

"இங்கன என்ன செய்யுதிய ரெண்டு பேரும்?"

போனில் சார்ஜ் இல்லையாம். கரையோரத் தகரக் கொட்டகையில் ஸ்கூட்டரோடு ஒதுங்கியிருந்தாளாம். அவ்வளவுதான்! அவள் கையைப் பிடித்த நான் விடவில்லை. அவள் இன்னொரு கையால் என் போனை வாங்கிப் பார்த்தாள். தகரக் கூரைக்கு அடியில் சிக்னல் சரியாக வராது, எதிலாவது பட்டுத் தெறித்து வருவதை வாங்கினால் இடம் தப்பும் என்றாள். ஆனாலும் இவ்வளவு தூரமா? சந்தேகப்பட்டு ஸ்கூட்டரின் முன் பெட்டியைத் திறந்தாள்.

உள்ளே ட்ராக்கர். அதன் தலைமேல் ஒரு செப்புத் தகடு. நான்தான்... முந்தின நாள்தான் காவலுக்கென்று மந்திரித்து வாங்கி, அவளுக்குத் தெரியாமல் டேப் போட்டு ஒட்டியிருந்தேன். இரண்டு காவலும் ஒரே இடத்தில் இருக்கட்டுமே என்று!

"அம்மா, ஆன்டெனா வானத்தப் பாக்கணும்லா. நீ செம்ப வச்சு மூடிட்டியே."

பிய்த்து என் கையில் கொடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். இல்லை. தகட்டைத் துப்பட்டாவில் துடைத்தாள். ட்ராக்கரைத் தூக்கி, அதற்கு அடியில் தகட்டை வைத்து அழுத்தினாள்.

"இப்படி இருந்தா நல்லதும்மா. கீழருந்து தெறிச்சு வாறத இது தடுக்கும். எங்க கருவியிலயும் அடியில ஒரு தட்டு உண்டும்."

அவள் அப்பா வேறு பக்கம் திரும்பிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வீடு வரைக்கும் அவள் ஸ்கூட்டரின் சிவப்பு விளக்கு எங்களுக்கு முன்னால் போனது. போனை எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

பெற்றவர்களுக்கும் பிள்ளையின் வானத்தை மறைக்காத இடம் ஒன்று இருக்கத்தான் செய்கிறது — கொஞ்சம் கீழே.