கறுப்புக் கல்லுக்கு ஒரு சீட்டு

கடைசியாக அப்பாவும் மகளும் சேர்ந்து செய்த வேலை, மாதிரிக் கற்களைக் கழுவியது. பட்டறை வாசலில் இரண்டு வாளி. அப்பா சோப்பு போட்டுத் தேய்த்தார். மகள் அலசித் துடைத்து அடுக்கினாள். உள்ளங்கை அளவுத் துண்டுகள், நாற்பத்தொன்று.

சமையல் மேடைக்கும் மாடிப்படிக்கும் கல் அறுத்துப் பொருத்துவது அப்பாவின் தொழில். அளவெடுக்கப் போனால் முதலில் டேப்பைத் தொட மாட்டார். சமைப்பவரை அடுப்பு முன் நிற்கச் சொல்லி, முழங்கை எங்கே வருகிறது என்று பார்ப்பார். அதற்குப் பிறகுதான் மேடையின் உயரம். அவர் போட்ட மேடையால் யாருக்கும் இடுப்பு வலித்ததில்லை என்பது அவர் கட்சி.

மகள் பாறையியல் படித்தவள். அப்பா சூட்டிய பட்டம் 'பாறை டாக்டர்'. இருவருக்கும் ஓயாத வழக்கு ஒன்றுதான். பட்டறையில் பளபளப்பதெல்லாம் அப்பாவுக்கு கிரானைட். படிக்குப் போடும் கறுப்பும் கறுப்பு கிரானைட். அது பசால்ட் என்று மகள் ஒருமுறை வாங்க வந்தவர் எதிரிலேயே சொல்லிவைக்க, அவர் சந்தேகப்பட்டு நடையைக் கட்டினார். அப்பா அன்று மதியம் பேசாமல் சாப்பிட்டார். மாலைக்குள் எல்லாம் சரியாகிவிட்டது.

இப்போது வழக்கைக் கிளப்பியது ஒரு பள்ளி ஆசிரியை. வகுப்பில் காட்ட இரண்டு கல் கேட்டிருந்தார். பெயரெழுதித் தருவதாக அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். கறுப்பில் என்ன எழுதுவார் என்பதுதான் மகளின் கவலை. அவர் தப்பாக எழுதினால் முப்பது பிள்ளைகள் தப்பாகப் படிக்கும்.

ஈரக் கற்களில் வெளிர் ஒன்றும் கறுப்பு ஒன்றும் எடுத்து அப்பாவின் கையில் வைத்து விளக்கினாள். கிரானைட், பூமிக்குள் ஆழத்தில் பாறைக்குழம்பு லட்சக்கணக்கான வருடம் மெதுவாக ஆறி இறுகியது. அதனால் மணி மணியாகக் கண்ணுக்குத் தெரியும். பசால்ட், எரிமலை வழியே வெளியே வந்து சட்டென்று ஆறியது. அதன் மணி பூதக்கண்ணாடிக்குத்தான் அகப்படும். குழம்பும் வேறு. கிரானைட்டில் சிலிக்கா அதிகம். பசால்ட்டில் இரும்பும் மெக்னீசியமும் அதிகம், அதனால்தான் அந்தக் கறுப்பு.

அப்பா கற்களை வெயிலில் சாய்த்துப் பார்த்தார். பிறகு, பக்கத்தில் பெயரெழுதி ஒட்டச் சீட்டுகளைக் கத்தரித்துக்கொண்டிருந்த அம்மாவை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"அப்போ உங்கம்மா கோபம் கிரானைட். என்னுது பசால்ட். சரியாம்மா?"

"என் கோபத்துல எந்த மணியைப் பாத்தீங்களாம்?" என்றாள் அம்மா.

"முப்பத்தஞ்சு வருஷமா ஒண்ணொண்ணா எண்ணிட்டிருக்கேன்."

மகள் சிரித்த சிரிப்பில், துடைத்த கல் திரும்ப வாளிக்குள் விழுந்தது. ஆனால் கறுப்பில் என்ன எழுதுவீர்கள் என்று கேட்டதற்கு, எழுதும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நழுவிவிட்டார்.

நான்காம் நாள் அப்பா இல்லை. மாரடைப்பு.

மகள் அவருடைய வண்டியைத் திறக்க இரண்டு வாரம் ஆயிற்று. முன் இருக்கையில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம். பிரித்தாள். வெளிர் கல்லின் முதுகில் ஒட்டிய சீட்டில் அப்பாவின் கோணல் எழுத்து: 'கிரானைட். பூமிக்குள் மெதுவாக ஆறியது. என் மனைவியின் கோபம் மாதிரி.'

கறுப்பைத் திருப்பினாள்.

'பசால்ட். கிரானைட் அல்ல. வெளியே வந்து சட்டென்று ஆறியது. சந்தேகம் இருந்தால் என் மகளைக் கேட்கவும்.'

கீழே அவளுடைய கைபேசி எண். அதில் ஓர் இலக்கத்தை விட்டிருந்தார். அதை மட்டும் சேர்த்துவிட்டு, பழையபடியே சுற்றினாள். செய்தித்தாளின் மேல் பென்சிலில் எழுதியிருந்தது: 'பள்ளிக்கூடம். திங்கள் காலை, மணியடிப்பதற்குள்.'

அப்பா போனது ஞாயிறு.