நிறுத்தினால் கிளம்பாது

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டரை அணைப்பதா வேண்டாமா என்ற சண்டை மூன்று வருஷம் நடந்தது. ஒரு பக்கம் என் வீட்டுக்காரர். மணலியில் கம்பெனி வேலை. அறையை விட்டு வெளியே வரும்போது விளக்கு, ஃபேன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, உள்ளே நான் இருக்கிறேனா என்று அப்புறம் பார்ப்பவர். இன்னொரு பக்கம் என் அப்பா. காசிமேட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் மீன்பிடி லாஞ்சு ஓட்டியவர். முட்டி போனதும் கடலுக்குப் போவதை விட்டுவிட்டு, திருவொற்றியூரில் எங்களோடு வந்து உட்கார்ந்துவிட்டார். நடுவில் நான், அந்தப் பெட்டியை வைத்துப் பிழைப்பவள்.

ஹார்பரில் இறங்கும் கன்டெய்னர்களின் பேப்பர்களைச் சரிபார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸுக்காக வீட்டிலிருந்தே செய்கிறேன். ஆபீஸ் பாரிமுனையில். அங்கே போய்வந்த காலத்தில், எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே நின்ற பஸ்ஸில் உட்கார்ந்து கால் கிலோ பூண்டு உரித்து முடித்திருக்கிறேன். மிகையில்லை, பக்கத்து சீட்டு அம்மாவும் உதவினார். வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி வாங்க மேனேஜர் பின்னாலேயே ஒரு வருஷம் அலைந்தேன். கொடுத்தார். ஒரே நிபந்தனை, காலை ஒன்பது மணிக்கு நான் லாகின் ஆகியிருக்க வேண்டும்.

என் கம்ப்யூட்டரோ செகண்ட் ஹேண்ட். ஓடிக்கொண்டிருந்தால் தங்கம். அணைத்துவிட்டால் மறுபடி கிளம்புவது அதன் இஷ்டம். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று அணைத்தார். திங்கள்கிழமை பதினொரு மணிக்குத்தான் அது கண் திறந்தது. மேனேஜர் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. “இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா ஆபீஸுக்கே வந்துடுங்க மேடம்” என்றார். அன்றைக்கே ஸ்விட்சின் மேல் பிளாஸ்டர் ஒட்டினேன்.

அப்பா என் கட்சி. “நடுக்கடல்ல எவனாவது இன்ஜின நிறுத்துவானா? நிறுத்திட்டு, அப்பால கெளம்பலன்னா மீனாண்ட போய் தள்ளச் சொல்லுவியா?” என்பார்.

“மாமா, இது கடல் இல்ல, வூடு. கரண்டு பில்லு எகிறுது.”

“அதெல்லாம் கரைக்கு வந்தப்புறம் பாத்துக்கலாம்.”

கரை எப்போது வரும் என்று அவர் சொன்னதே இல்லை. யாரும் கேட்காமலே அந்தப் பெட்டிக்கு டிரைவராகவும் சேர்ந்துகொண்டார். மணிக்கொரு தரம் புறங்கையை அதன் மேல் வைத்துப் பார்த்து, “சூடு சரியா கீது” என்று எனக்கு அறிக்கை தருவார். ஃபேன் கிறீச்சிட்டபோது தையல் மெஷின் எண்ணெய் விட்டார். நான் பதறினேன். சத்தம் நின்றுவிட்டது. அதற்குமேல் அவரை யார் பிடிக்க முடியும்?

ஒரு நாள் காலையில் வீட்டுக்காரர் ஷிப்டுக்குக் கிளம்பியிருந்தார். நான் குடத்தோடு தண்ணீர் லாரிக்குப் போயிருந்தேன். அப்போது கரண்ட் போனது. வழக்கமாக நான் உடனே பொத்தானை அழுத்தி அடக்கிவிடும் யுபிஎஸ், கீ கீ என்று கத்திக்கொண்டே இருந்தது. அப்பாவின் முப்பது வருஷ அனுபவத்தில், கத்தும் சத்தத்துக்கு ஒரே அர்த்தம்தான். இன்ஜின் ஆபத்தில் இருக்கிறது, ஒரு நொடி தாமதித்தாலும் உள்ளே எல்லாம் வெந்துவிடும். பிளாஸ்டரோடு சேர்த்து ஒயரையே பிடுங்கிவிட்டார். பத்து நிமிஷத்தில் கரண்ட் வந்தது. கம்ப்யூட்டர் வரவில்லை.

நான் குடத்தை இறக்கியபோது மணி எட்டு. எட்டே கால் வரை தட்டினேன், ஊதினேன், கெஞ்சினேன். திரை கறுப்பாகவே இருந்தது. ஆபீஸ் ஃபாரம் எதுவும் போனில் திறக்காது. கண்ணுக்கு முன்னால் எண்ணூர் நெடுஞ்சாலையும் பூண்டும் வந்து நின்றன.

“அலாரம் அடிச்சிதும்மா. நிறுத்தாம வுட்டா இன்ஜினே பூடும்” என்றார் அப்பா.

“ஒரு பொட்டிய பாத்துக்கத் தெரியல. உன்ன நம்பி எவன் நைனா லாஞ்சு குடுத்தான்?” என்று கத்திவிட்டேன்.

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். கோபித்துக்கொண்டு காசிமேட்டுக்குப் போகிறார் என்று நினைத்தேன். போகட்டும் என்றும் நினைத்தேன்.

எட்டே முக்காலுக்குத் தெருமுனையில் கீ கீ என்று சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். மீன் கூடை ஏற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்று வந்துகொண்டிருந்தது. அதன் ஈரப் பலகையில், கோணியை விரித்து, ரெண்டு தெரு தள்ளியிருக்கும் ஜெராக்ஸ் கடை பாய் உட்கார்ந்திருந்தார். மடியில் அவர் கடைக் கம்ப்யூட்டர். கால்களுக்கு நடுவே யுபிஎஸ், உயிர் போகிற மாதிரி கத்திக்கொண்டு. கம்ப்யூட்டரில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முன்னால் என் அப்பா, நொண்டிக்கொண்டே, எதிரில் வந்த ஷேர் ஆட்டோவைக் கை காட்டி நிறுத்திக்கொண்டு வந்தார்.

“இன்னாம்மா உங்க நைனா! ஆஃப் பண்ணி எடுத்துகினு போலாம்னா உசுர எடுக்கிறாரு” என்றார் பாய்.

“ஏற்கெனவே ஒண்ணு படுத்துகினு கீது. ஓடிகினு கீற இன்ஜினையும் நிறுத்தச் சொல்றியா நீ?” என்றார் அப்பா.

அதே மனிதர்தான் காலையில் அதே சத்தத்துக்கு ஒயரைப் பிடுங்கியவர். அதைச் சொல்ல எனக்கு நேரமில்லை. யுபிஎஸ்ஸைச் சுவரில் சொருகியதும் சத்தம் நின்றது. என் மானிட்டரை மாட்டினோம். யாரோ ஒருவரின் பாஸ்போர்ட் போட்டோ, வரிசைக்கு நாலாக, திரை முழுக்க முறைத்தது. அதை ஓரம் தள்ளிவிட்டு லாகின் செய்தேன். ஒன்பதுக்கு மூன்று நிமிஷம் இருந்தது. உட்கார்ந்த இடத்திலேயே அழுதேன்.

பத்து மணிக்கு ஆதார் பிரிண்ட் கேட்டு ஒரு அம்மா எங்கள் வாசலில் நின்றார். பாய் தன் கடை ஷட்டரில் எங்கள் வீட்டு அடையாளம் எழுதி ஒட்டியிருக்கிறார்.

சாயங்காலம் வந்த வீட்டுக்காரர் முழுக் கதையையும் கேட்டுவிட்டு, “ரெண்டு தெரு தானே? நீயே கடைக்குப் போய் உக்காந்திருக்கலாமே?” என்றார்.

நானும் அப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சத்தியமாக எனக்கு அது தோன்றவே இல்லை. அப்பா மட்டும் அசரவில்லை. “நடுக்கடல்ல லாஞ்சு நின்னா, இன்னொரு லாஞ்சு வந்து கட்டி இழுக்கும் மாப்ள. உள்ள கீறவன நீஞ்சி வரவா சொல்லுவாங்க?”

இப்போது புது கம்ப்யூட்டர் வாங்கிவிட்டோம். கண் மூடித் திறப்பதற்குள் கிளம்புகிறது. தினமும் சாயங்காலம் அதை அணைக்கும் பாக்கியம் என் வீட்டுக்காரருக்கு. மூன்று வருஷ ஆசை, முகத்தில் தெரியும். அப்பா மட்டும் பிறகு அதன் பக்கம் போகவில்லை. புறங்கை வைப்பதில்லை, சூடு சொல்வதில்லை. காலை எட்டரைக்கு வந்து கதவோரம் நிற்பார். திரை வெளிச்சம் வந்ததும், “கெளம்பிடிச்சா?” என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போவார். நான் அன்றைக்குச் சொன்ன வார்த்தையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மன்னிப்புக் கேட்டால், “இன்னாத்துக்கு?” என்று கேட்டு என்னைத் திணறடிப்பார்.

ஒரு நாள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன். மணி எட்டே முக்கால் ஆனது. கதவோரத்திலிருந்து, “இன்னாம்மா, டைம் ஆவுதுல்ல?” என்றார்.

“நைனா, நீ வந்து கெளப்பு” என்றேன்.

“நானா?” என்றார். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.