நான் தேங்காய் உடைத்த கல்

அந்தக் கல்லை நான் முதலில் அம்மன் என்றுதான் நினைத்தேன். எழுதும்போதே காது சூடாகிறது, ஆனால் உண்மை அதுதான். முழங்கால் உயரத்தில், நாலு பக்கமும் செதுக்கிய கருங்கல், தலையில் மட்டும் சிவப்பு. மலை ஏறத் தொடங்கும் இடத்தில், ஆடு ஓட்டிப் போகும் பாதை ஓரமாக, முந்தின நாள் வரை ஒன்றுமே இல்லாத மண்ணில் நின்றுகொண்டிருந்தது. ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் சத்தியவேடு பக்கத்து ஊர்களில் கங்கம்மா என்ற ஊர் அம்மனுக்கு இதைவிடப் பெரிய அலங்காரம் எதுவும் கிடையாது. ஒரு கல், அதன் தலையில் குங்குமம், அவ்வளவுதான். யாரோ வேண்டிக்கொண்டு நட்டிருக்கிறார்கள், இல்லையென்றால் அவளாகவே வந்து நின்றிருக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன். யோசிக்க எனக்கு நேரமும் இல்லை. என் மகள் ஸ்ரீ சிட்டியில் செல்போன் கம்பெனி வேலைக்கு இண்டர்வியூ கொடுத்துவிட்டுக் காத்திருந்தாள். வீட்டுக்கு ஓடினேன், தேங்காயும் மஞ்சளும் கற்பூரமும் எடுத்து வந்தேன், கல் முழுக்க மஞ்சள் பூசிச் சுற்றி வந்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, வேலையைக் கேட்டேன். அந்த வாரமே வேலை வந்துவிட்டது. அதுதான் எல்லாக் கெடுதலுக்கும் ஆரம்பம்.

ஊர் முழுக்கச் செய்தி பரவியது. வெள்ளிக்கிழமை பெண்கள் பொங்கல் வைத்தார்கள். கல்யாணம் தள்ளிப் போகிறவர்கள், கறவை நின்ற மாட்டுக்காரர்கள், முழங்கால் வலிக்காரர்கள் என்று ஒரே கூட்டம். நான் பக்கத்திலேயே நின்று எல்லோருக்கும் விபூதி கொடுத்துக்கொண்டிருந்தேன். கங்கம்மா திருவிழாவான ஜாத்திரையில் வேஷம் கட்டி, அந்த வாரம் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்ற சலுகையில் ஊர்ப் பெரிய மனிதர்களையெல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டுகிறவன் நான். என் வாயிலிருந்து முதல் தடவையாக பக்தியாக நாலு வார்த்தை வந்ததைக் கேட்டு ஊரே ஆச்சரியப்பட்டது. அண்ணி மட்டும் ஆச்சரியப்படவில்லை.

அண்ணி என்றால் என் பெரிய அண்ணன் மனைவி. அண்ணன் சீக்கிரமே போய்விட்டான். எங்கள் குடும்பத்துக்கு நிலம் என்று ஒன்று வந்ததே அண்ணி காலத்தில்தான். அதுவரை அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள் நாங்கள். மலையடிவாரத்தில் சர்க்கார் பட்டா போட்டுக் கொடுத்த பூமியில் மண்ணைவிடக் கல்தான் அதிகம். அண்ணி அதில் கடப்பாரையால் குழி போட்டு, ஏரியிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றி, பெங்களூரா மாமரங்களை வளர்த்தாள். மரங்கள் காய்க்கத் தொடங்கியபோது அவளுக்குத் தலை நரைத்திருந்தது. தோப்பைப் பற்றிக் கேட்டால், "இன்னா இருக்குது, நாலு மரம் கீது" என்பாள். மரம் நாலு இல்லை. கண் பட்டுவிடும் என்று பயம்.

அவள் வந்து கல்லைப் பார்த்தாள். கும்பிடவில்லை. குனிந்து, பின்பக்கத்து மஞ்சளை நகத்தால் சுரண்டினாள். உள்ளேயிருந்து இங்கிலீஷ் எழுத்து ஒன்றும் எண் ஒன்றும் வெளியே வந்தன.

"இன்னா தம்பி, அம்மனுக்கு நம்பர் போட்டுக்கீது?"

"பெயிண்டர் பேரா இருக்கும் அண்ணி."

"பெயிண்டர் பேரு முப்பத்தேழா?"

அண்ணி மலையைச் சுற்றி நடக்கத் தொடங்கினாள். விபூதித் தட்டோடு நானும் பின்னாலேயே போனேன். ஏரிக்குத் தண்ணீர் வரும் கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஒரு கல். சீதாப்பழப் புதருக்குள் ஒன்று. பாறை இடுக்கில் ஒன்று. எல்லாவற்றின் தலையிலும் அதே சிவப்பு, எல்லாவற்றுக்கும் நம்பர். ஊரே ஒரு கல்யாணத்துக்காக நாராயணவனம் போயிருந்த நாளில் நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். கடைசியில் அண்ணியின் தோப்புக்குள், வேலியிலிருந்து நாலைந்து மரம் தள்ளி, ஒன்று நின்றது. அண்ணி அதன்மேல் கை வைத்தாள். சுடுகிற பாத்திரத்தைத் தொட்டதுபோலக் கையை உடனே இழுத்துக்கொண்டாள்.

தாசில்தார் மாதிரியான எம்.ஆர்.ஓ. ஆபீஸில் போய்க் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. மலையைக் கிரானைட்டுக்காக ஒரு கம்பெனி கேட்டிருக்கிறது. இந்தக் கற்கள் அதன் எல்லைக் கற்கள், அவற்றுக்கு உள்ளே இருக்கும் பூமியெல்லாம் குவாரி. ஊரில் கூட்டம் போட்டு ஜனங்களின் கருத்தைக் கேட்பார்கள், அதற்கப்புறம் முடிவு. "பட்டா பூமி இன்னா ஆவும்?" என்று அண்ணி கேட்டாள். சர்க்கார் கொடுத்த பட்டாவை சர்க்கார் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று அங்கிருந்தவர் மெதுவாகச் சொன்னார். கெட்டவர் இல்லை. எங்களுக்கு டீ கூட வாங்கிக் கொடுத்தார்.

குவாரி என்றால் எப்படி இருக்கும் என்று பார்த்துவிட வேண்டும் என்றாள் அண்ணி. டி.வி.எஸ். வண்டியில் அவளை ஏற்றிக்கொண்டு, ஏற்கெனவே மலை வெட்டுகிற ஓர் ஊருக்குப் போனேன். அந்த ஊர் தூரத்தில் தெரிந்தபோது பனி இறங்கியிருக்கிறதோ என்று நினைத்தேன். அதுவும் முட்டாள்தனம்தான், பங்குனி வெயிலில் ஏது பனி. வேப்பமரம், கோயில் கோபுரம், எருமை முதுகு எல்லாவற்றின் மேலும் வெள்ளைத் தூசி. மாமரங்களில் பூ கருகி, குச்சி குச்சியாக நின்றது. ஒரு வீட்டுக்காரம்மா எங்களை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து டீ கொடுத்தாள். டம்ளர்களைச் சின்னத் தட்டால் மூடித்தான் கொடுத்தாள். சுவரில் கூரையிலிருந்து தரைவரை ஒரு விரிசல் ஓடியது, அதன்மேல் காலண்டரைத் தொங்கவிட்டிருந்தார்கள். விசில் சத்தம் கேட்டது. அந்தம்மா பேசிக்கொண்டே எழுந்து போய்த் தண்ணீர்க் குடத்தை மூடினாள், கதவைச் சாத்தினாள், மறுபடி வந்து உட்கார்ந்தாள். அப்புறம் வெடித்தது. தரை என் கால் வழியாக வயிற்றுக்குள் ஏறியது. கண்ணைத் திறந்தபோது நான் அந்தம்மாவின் கட்டிலுக்கு அடியில் இருந்தேன், கையில் டம்ளரோடு. டீ ஒரு சொட்டு சிந்தவில்லை, தட்டு அப்படியே மூடியிருந்தது. இதை நான் இன்றைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

"பயந்துட்டியா அண்ணா, எங்களுக்குப் பழகிப் போச்சு" என்றாள் அந்தம்மா, சிரித்துக்கொண்டே.

திரும்பி வரும் வழியெல்லாம் அண்ணி என்னைக் கிண்டல் செய்யவில்லை. கட்டிலுக்கு அடியில் புகுந்தவனைச் சும்மா விட்டுவிடுகிற ஆள் அவள் இல்லை. ஊர் எல்லை வந்தபோது சொன்னாள். "வெடிக்குக்கூட நான் பயப்படல தம்பி. அந்தப் பொம்பள பழகிப் போச்சுன்னாளே, அதுக்குத்தான்."

அதற்கப்புறம் எனக்குத் தூக்கம் போனது, சாப்பாடு போனது. மாங்காய் ஒன்று எங்கள் தகரக் கூரைமேல் விழுந்ததற்குக் களித்தட்டோடு தெருவுக்கு ஓடினேன். பால் வேன் டயர் வெடித்ததற்கு எதிர்வீட்டு மாட்டுக் கொட்டகைக்குள் புகுந்தேன். வெள்ளை ஜீப் எது வந்தாலும் போலீஸ், என்னைத்தான் பிடிக்க வருகிறது என்று தோன்றும். கம்பெனிக் கல்லுக்கு அனுமதி இல்லாமல் மஞ்சள் பூசியது என்ன செக்ஷனில் வரும் என்று ஒரு வக்கீலிடம் கேட்கவே போய்விட்டேன். அவர் என்னை வீட்டுக்குப் போய் மோர் குடிக்கச் சொன்னார்.

ஒரு நாள் வெள்ளை ஜீப் உண்மையாகவே வந்தது. இறங்கியது கம்பெனி ஆள். இஸ்திரி போட்ட சட்டை, தேன்போலப் பேச்சு. மஞ்சள் பூசிய கல்லைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். எனக்கு ஒரே நிம்மதி. அப்புறம் ஊர் ஜனங்களிடம் சொன்னார்: "அம்மவாரு இங்க வெயில்ல எதுக்கு நிக்கணும்? ரோட்டோரமா எடம் பாருங்க. டைல்ஸ் போட்டு, கோபுரம் வெச்சு, நாங்களே கோயில் கட்டித் தர்றோம். கும்பாபிஷேகமும் எங்க செலவு." பாதி ஊரின் முகம் மலர்ந்தது. அன்று சாயங்காலமே கோபுரத்துக்கு என்ன நிறம் என்று பேச்சு ஆரம்பித்துவிட்டது. மலைக்கு ஒரு விலை சொல்ல வழி தெரியாமல் வந்தவர் கையில் அந்த வழியை எடுத்துக் கொடுத்தது என் தேங்காய்.

நான் அண்ணியிடம் ஓடினேன், என்னிடம் இருந்த ஒரே வித்தையோடு. "நான் சாமி ஆடிடறேன் அண்ணி. கூட்டத்தன்னிக்கு மஞ்சா சேலை கட்டிக்கினு, வேப்பிலை புடிச்சிக்கினு எறங்குறேன். இது என் மலைடான்னு ஒரு சத்தம் போட்டா, ஆபீசருங்களே வுழுந்து கும்புடுவாங்க."

அண்ணி சாணி தட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "கும்புட்டுட்டு, தாயே உனக்கு இன்னா வோணும்னு கேப்பாங்க. கோயிலு வோணும்னு ஊரே கத்தும். கோயிலு ஆறு மாசத்துல கட்டிடுவாங்க பூசாரி. மலைய யாரு கட்டறது?"

அன்றிலிருந்து அவளுக்கு நான் பூசாரிதான்.

"அப்ப இன்னா பண்றது?"

"அது சாமி இல்ல, கம்பெனி கல்லுன்னு சொல்லணும். நட்டவன் சொல்ல மாட்டான். தேங்கா ஒடச்சவன்தான் சொல்லணும்."

வேஷம் கட்டிக்கொண்டு எந்தப் பெரிய மனிதரையும் திட்டிவிடுவேன். அப்போது அது நான் இல்லை. வேஷம் இல்லாமல், மைக்குக்கு முன்னால், என் சொந்தச் சட்டையில் நின்று உண்மையைச் சொல்வது என்றால் எனக்கு உயிர் போகும் என்று அன்றுதான் தெரிந்தது. ஊர் ஜனம் அடிக்கும், கம்பெனி கேஸ் போடும், அம்மன் வேறு கண்ணைக் குத்துவாள். ஒருவேளை அது நிஜமாகவே அம்மனாக இருந்துவிட்டால்? மகளுக்கு வேலை போய்விடுமே.

பள்ளிக்கூட மைதானத்தில் ஷாமியானா போட்டுக் கூட்டம் நடந்தது. பெரிய அதிகாரிகள் மேடையில், போலீஸ் வேன் வாசலில். கம்பெனி ஆள் கோயில் படத்தை பேனராகவே அடித்துக்கொண்டு வந்து மாட்டியிருந்தார். என் பேரைக் கூப்பிட்டதும் அண்ணி முதுகில் ஒரு தள்ளு தள்ளினாள். மைக்கைப் பிடித்தேன். தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் மாட்டிக்கொண்டு, ஆட்டுக்குட்டி கத்துகிற குரலில் ஒருவழியாகச் சொல்லிவிட்டேன்: "அய்யா, அந்தக் கல்லு சாமி இல்ல. கம்பெனி நட்ட கல்லு. பின்னாடி நம்பர் கீது. நான்தான் தெரியாம கும்புட்டுட்டேன்."

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "அப்ப உம் பொண்ணுக்கு வேலை குட்த்தது யாரு?" என்றாள்.

"செல்போன் கம்பெனி" என்றேன்.

ஊரே சிரித்தது. மேடையிலிருந்த பெரிய அதிகாரி காகிதத்தால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தார். பேனரில் இருந்த கோபுரம் அந்தச் சிரிப்பில்தான் விழுந்தது. நான் மட்டும் மைக்கின் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

அப்புறம் அண்ணி பேசினாள். கால்வாய் எந்த வழியாக ஏரிக்கு வருகிறது என்று கையை நீட்டிக் காட்டினாள். கால்வாயைத் தூர்வாரிக் கொடுங்கள், விலை விழும்போது பழத்தைக் குப்பையில் கொட்டாமல் சாறு காயவைக்க ஒரு கொட்டகைக்கு இடம் கொடுங்கள், எங்கள் பிழைப்பை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றாள். கடைசியில் அவள் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "எங்க ஊர்ல நாங்க டம்ளர மூடாம டீ குடிக்கிறோம் சார். எங்களுக்கு அதுவே பழகட்டும்." மேடையில் யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. அதைப்போலப் பயமுறுத்துகிற விஷயம் வேறு கிடையாது. ஆமாம் என்றும் வரவில்லை, இல்லை என்றும் வரவில்லை. சித்தூருக்குப் போனால் திருப்பதியில் கேள் என்றார்கள், திருப்பதிக்குப் போனால் ஃபைல் மேலே போயிருக்கிறது என்றார்கள். அண்ணி காத்திருக்கவில்லை. மகளிர் சங்கத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு தன் தோப்பிலேயே கொட்டகை போட்டாள். பங்காருபாளையம் மண்டியில் விலை விழுந்த நாட்களில் பழத்தைப் பிழிந்து, சாற்றைப் பாயில் ஊற்றி ஊற்றிக் காயவைத்து, துண்டு போட்டு திருப்பதிக்கு அனுப்பினார்கள். முதல் துண்டை என் கையில் வைத்து, "பிரசாதம் துன்னு பூசாரி" என்றாள். தின்றேன். இனிப்பும் புளிப்புமாகப் பல்லில் ஒட்டியது. அந்தக் கொட்டகைக்கு நேர் எதிரில்தான் சிவப்புத் தலைக் கல் நின்றது. அண்ணி அதில் கன்றுக்குட்டியைக் கட்டுவாள். கட்டும்போதெல்லாம் கல்லை ஒரு தடவை பார்ப்பாள்.

இவ்வளவுக்கும் நான் தேங்காய் உடைத்த கல்லுக்குப் பொங்கல் மட்டும் நிற்கவில்லை. நான் மைக்கில் சொன்னதை எல்லோரும் கேட்டார்கள், கேட்டுவிட்டு வெள்ளிக்கிழமை பானையோடு வந்துவிட்டார்கள். அன்று என்னைக் கேள்வி கேட்ட அதே பெண்ணிடம் விசாரித்தேன். "சாமி இல்லன்னு நீ சொன்ன, சரி. வெச்ச மஞ்சளுக்கு இன்னா பதில் சொல்றது?" என்றாள்.

போன மாசியில், மரமெல்லாம் பூத்திருந்த சமயம், அண்ணி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தோப்பில் உட்கார்ந்தாள். திருப்பதி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், புத்தூர் தாண்டும்போது, "கன்னுக்குட்டிய அவுத்து வுட்டியா" என்று கேட்டாள். அவுத்துட்டேன் என்றேன். அவ்வளவுதான் எங்கள் கடைசிப் பேச்சு. இப்போது வெடிச் சத்தம் மாதிரி எது கேட்டாலும் நான் ஓடுவதில்லை. ஓடினால் கிண்டல் செய்ய ஆள் இல்லை.

மாங்காய் இறக்கி முடித்த பிறகு ஒரு டிராக்டர் வந்தது. கடப்பாரையோடு நாலைந்து கூலியாட்கள். கம்பெனி மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டதாம், கற்களை எடுக்கச் சொன்னார்களாம். அது உண்மையா, வேறு பேரில் மறுபடி வருவார்களா, எனக்குத் தெரியாது, அவர்களுக்கும் தெரியவில்லை. கால்வாய்க் கல்லை எடுத்தார்கள், புதருக்குள் இருந்ததை எடுத்தார்கள். அண்ணியின் தோப்பிலிருந்த கல்லை எடுத்தபோது நான் பக்கத்தில் நின்றேன். குழி நான் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது. கடைசியாக ஆட்டுப் பாதைக் கல்லுக்கு வந்தார்கள். மஞ்சளையும் கற்பூரக் கரியையும் பார்த்துவிட்டு அவர்களில் பெரியவர் கேட்டார்: "இது சாமியா அண்ணா?"

"இல்லப்பா. கம்பெனி கல்லு. பின்னாடி நம்பர் கீது, பாரு" என்றேன்.

அவர் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றி, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, டிராக்டரில் ஏறிப் போய்விட்டார்.

மற்ற கற்கள் எல்லாம் போய்விட்டன. நான் தேங்காய் உடைத்த கல் மட்டும் இன்னும் அங்கேயே நிற்கிறது.