விழுந்தவர் பெயர்தான் பதிவாகும்

எங்கள் கம்பெனி இயக்குநர், இயந்திரத்தின் அடிப்படை மென்பொருளான கெர்னல் எழுதி வைக்கும் பதிவைப் படிக்கும் அழகே தனி. இயந்திரம் நின்று போகும்போது, எந்த இடத்தில் விழுந்தது என்று கடைசியாகச் சில வரிகளைத் துப்பிவிட்டுத்தான் நிற்கும். அவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி முதல் வரியைப் படிப்பார். அது யார் எழுதிய நிரல் என்று கேட்பார். தீர்ப்பைச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார். இரண்டாவது வரியை அவர் படித்து நான் பார்த்ததில்லை.

தி. நகரில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே எங்கள் அலுவலகம். கடைகளின் கேமரா படங்களைச் சேர்த்து வைக்கும் பெட்டியைச் செய்து விற்றோம். ஆரம்பத்தில் பெட்டிக்குள் ஒரே ஒரு பிராசசர். பிறகு எட்டு வைத்தோம். எட்டும் ஒரே நினைவகத்தில் ஒரே நேரத்தில் கை வைக்கும் என்ற சேதி இயக்குநரின் காதுக்குப் போய்ச் சேரவே இல்லை. விளம்பரத்தில் மட்டும் எட்டு என்று கொட்டை எழுத்தில் போட்டுக்கொண்டார்.

பெட்டியை நெட்வொர்க்கோடு இணைக்கும் டிரைவர் நிரலை எழுதியவள் சாந்தோமிலிருந்து வந்த பெண். அப்பா அம்மா இருவரும் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர்கள். அவளுக்கு இது முதல் வேலை, ப்ரொபேஷன் இன்னும் முடியவில்லை. பெட்டிகள் திடீர் திடீரென்று நிற்க ஆரம்பித்தன. பதிவின் முதல் வரியில் இருந்தது அவள் எழுதிய நிரல். அவ்வளவுதான், குற்றவாளி கிடைத்துவிட்டாள்.

ஒருவர் உட்காரப் போகும் நேரத்தில் இன்னொருவன் நாற்காலியை இழுத்துவிட்டுப் போய்விடுகிறான் என்று வையுங்கள். பதிவில் விழுந்தவர் பெயர்தான் இருக்கும், இழுத்தவன் பெயர் இருக்காது. ஒரு பிராசசர் படித்துக்கொண்டிருக்கும் நினைவகத்தை இன்னொன்று இனித் தேவையில்லை என்று விடுவித்துவிட்டால் இதேதான் நடக்கும். இதை இயக்குநரிடம் இரண்டு முறை விளக்கினேன். இரண்டாவது முறை அவர் கைப்பேசியில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்தார்.

பிறகு அவரே களத்தில் இறங்கினார். அவளுடைய நிரலில் வரிக்கு வரி, "இங்கே வந்தேன்" என்று எழுதிக் காட்டும் கட்டளைகளைச் செருகினார். அப்படி எழுதுவதற்கு நேரம் பிடிக்கும். அந்தத் தாமதத்தில் இரண்டு பிராசசர்கள் மோதிக்கொள்ளும் தருணம் தப்பிப் போனது. பெட்டி நிற்காமல் ஓடியது. "பார்த்தீங்களா? கைய வெச்ச உடனே சரியாயிடுச்சு. இவ எழுதின கோடுலதான் பிரச்சினை," என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அந்த வாரமே அவளை அனுப்பிவிட்டார். அவள் பையை எடுத்துக்கொண்டு போனாள்.

கொஞ்ச நாளில் பெட்டிகள் மறுபடி நின்றன. மோதல் இடம் மாறியிருந்தது, இந்தத் தடவை முதல் வரியில் இருந்தது நான் எழுதிய நிரல். இயக்குநர் கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டார். "உங்களோடதுல இருக்காது சார். நீங்க சீனியர். வேற எங்கயாவது பாருங்க," என்றார். அதே பதிவு, அதே முதல் வரி. இந்த மனிதர் மாதாமாதம் நேர்காணல் செய்து பிறர் அறிவை வேறு எடை போடுகிறார்.

வேறு எங்காவது பார்த்தேன். நினைவகத்தை விடுவிப்பது யார் என்பதையும் கெர்னலே குறித்து வைக்கும்படி மாற்றி, பெட்டியை ஓடவிட்டேன். மாட்டியது இயக்குநரே எழுதிய பழைய நிரல். ஒற்றைப் பிராசசர் காலத்துச் சரக்கு. மற்ற பிராசசர்கள் படித்து முடித்தனவா என்று பார்க்காமலே விடுவிக்கிறது. காட்டினேன்.

"அந்தக் காலத்துல இது சரியாத்தான் இருந்தது. நீங்களே திருத்திடுங்க, ஆபீஸுக்கு மெயில் எல்லாம் வேணாம்," என்றார். வாசல் வரை போய்விட்டுத் திரும்பினார். "அந்தப் பொண்ணு வேணும்னா வரட்டும். ப்ரொபேஷன் மட்டும் முதல்லேருந்து." தானம் செய்த பூரிப்பு அவர் முகத்தில் தெரிந்தது.

தொலைபேசியில் சொல்லக் கூசியதால் ஞாயிற்றுக்கிழமை நேரில் போனேன். வீட்டில் விசாரித்துக்கொண்டு பட்டினப்பாக்கம் போனால், அங்கே மீன் வாங்கிக்கொண்டிருந்தாள். நின்றபடியே, அவர் திரும்பக் கூப்பிடுவது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். மீன்கார அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "இன்னா நைனா, வாங்கறதுன்னா வாங்கு. வழியில நின்னு பேசிக்கினு கீறியே."

நாங்கள் ஓரமாக நகர்ந்தோம். தப்பு யாருடையது என்று தெரிந்ததும் அவள் முகம் தெளியும் என்று நினைத்திருந்தேன். அது அப்படியே இருந்தது.

"அது அவரோட கோடுன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாரா சார்?"

"இல்லம்மா. மெயில்கூட வேணாம்னுட்டார்."

"அப்ப அங்க இருக்கறவங்களுக்கு இன்னும் நான்தான் பெட்டிய கெடுத்தவ," என்றாள். "அவங்க நடுவுல வந்து நான் எப்படி சார் உட்கார்றது?"